செப்புச் சென்ட்: அடையாளமும் தரமும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் முதல் நாணயச்சாலை 1792-இல் பிலடெல்பியா நகரில் எழுந்தது. அந்தக் கட்டடத்திலிருந்து மக்கள் புழக்கத்துக்கென்று முதலில் வெளிவந்தவை பொற்காசுகளோ வெள்ளிக்காசுகளோ அல்ல. 1793 மார்ச் மாதம் அடிக்கப்பட்ட செப்புச் சென்ட்டுகள். டாலரில் நூறில் ஒரு பங்கு மதிப்புள்ள இந்தக் காசு 1857 வரை அதே பெரிய அளவில் வெளிவந்தது. இன்றைய அமெரிக்கச் சென்ட்டின் விட்டம் 19 மில்லிமீட்டர்தான். பழைய காசுகளோ ஏறத்தாழ 27 முதல் 29 மில்லிமீட்டர் வரை இருந்தன. அதனால் அவற்றுக்குப் 'பெரிய சென்ட்' என்ற பெயர் நிலைத்தது. அவற்றுள்ளும் 1793 முதல் 1814 வரையிலான காசுகளே 'தொடக்ககாலச் சென்ட்' எனத் தனியாகப் பிரித்து ஆராயப்படுகின்றன.

இத்தகைய காசு ஒன்றைக் கையில் எடுப்பவர் இரண்டு கேள்விகளுக்கு விடை காண வேண்டும். இது எந்த அச்சில் அடிக்கப்பட்டது என்பது முதல் கேள்வி. இன்று எந்த நிலையில் இருக்கிறது என்பது இரண்டாவது. முதல் கேள்விக்குத் திட்டவட்டமான விடை உண்டு. போதிய பயிற்சி உள்ள இருவர் பார்த்தால் இருவரும் ஒரே விடையைச் சொல்வார்கள். இரண்டாவது கேள்விக்குக் கிடைப்பது ஒரு தீர்ப்பு. அது ஆளுக்கு ஆள் சற்றே மாறும். முதலாவதன் தெளிவுக்குக் காரணம் அன்றைய அச்சுகள் செய்யப்பட்ட முறை. இரண்டாவதன் சிக்கலுக்குக் காரணம் செம்பு என்ற உலோகத்தின் இயல்பு.

எடையும் உலோகமும்

1792 ஏப்ரல் 2-ஆம் நாள் நிறைவேறிய நாணயச் சட்டம், ஒரு சென்ட்டில் 264 கிரெயின், அதாவது சுமார் 17.1 கிராம் செம்பு இருக்க வேண்டும் என்றது. காசின் முகமதிப்புக்கு ஈடான உலோகம் அதற்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது அக்காலத்து எண்ணம். செம்பின் விலை ஏறியதும் அது கட்டுப்படியாகவில்லை. முதல் சென்ட் அடிக்கப்படுவதற்கு முன்பே, 1793 ஜனவரியில் எடை 208 கிரெயினாகக் குறைக்கப்பட்டது, இது 13.48 கிராம். 1795-இன் இறுதியில் மீண்டும் 168 கிரெயினுக்கு இறங்கியது, இது 10.89 கிராம். 1857 வரை இந்த எடையே நீடித்தது.

எடை குறைந்தபோது காசின் கனமும் குறைந்தது. தடித்த காசுகளில் பெரும்பாலானவற்றின் பக்கவிளிம்பில், ஒரு டாலருக்கு நூறு என்ற பொருளுள்ள ஆங்கில வாசகம் பொறிக்கப்பட்டிருந்தது. மெல்லிய வில்லையில் அதற்கு இடமில்லாததால் 1795-இன் பிற்பகுதியிலிருந்து விளிம்பு வெறுமையாக விடப்பட்டது. ஆகவே 1795-ஆம் ஆண்டுக் காசுகளை இனம்பிரிக்க முதலில் பார்க்க வேண்டியது முகத்தை அல்ல, விளிம்பை.

தொடக்க ஆண்டுகளில் செம்புக்குக் கடும் தட்டுப்பாடு நிலவியது. பழைய பாத்திரங்கள், ஆணிகள், உடைசல்கள் என்று கிடைத்ததையெல்லாம் வாங்கி உருக்கித் தகடாக்கினார்கள். நியூயார்க் வணிக நிறுவனம் ஒன்று வெளியிட்டிருந்த செப்பு வில்லைகளை மொத்தமாக வாங்கி, வெட்டி, அவற்றின் மேல் அரைச் சென்ட் அடித்ததும் உண்டு. இப்படிக் கலப்படமாக வந்த தகடுகளில் வெடிப்பும் பொருக்கும் இயல்பாகவே இருந்தன. பின்னர் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் மேத்யூ போல்டனின் தொழிற்சாலை, அடிப்பதற்குத் தயாரான வெற்று வில்லைகளை மரப்பீப்பாய்களில் அனுப்பத் தொடங்கியது. வழவழப்பும் சீரான கனமும் கொண்ட அந்த வில்லைகளில் அடித்த காசுகள் இன்றும் நல்ல தோற்றத்தோடு கிடைக்கின்றன. 1812-இல் பிரிட்டனோடு போர் மூண்டதும் இந்த வரத்து நின்றது. கையிருப்பு தீர்ந்துபோக, 1815 என்ற ஆண்டு பொறித்த சென்ட் வெளிவரவே இல்லை. 1793 முதல் 1857 வரையிலான வரிசையில் விடுபட்ட ஒரே ஆண்டு அதுதான்.

உருவ வகைகள்

முதல் வடிவத்தின் முன்பக்கத்தில் விடுதலைத் தேவியின் தலை; பின்பக்கத்தில் 15 வளையங்கள் கொண்ட சங்கிலி. அன்றைய 15 மாநிலங்களின் பிணைப்பை அந்தச் சங்கிலி குறித்தது. ஆனால் விடுதலையின் பின்னால் சங்கிலியா என்று பத்திரிகைகளில் கேலி எழுந்தது. 36,103 காசுகளோடு அந்த வடிவம் கைவிடப்பட்டது. அடுத்து இலைமாலை வடிவம் வந்தது. அதில் 63,353 காசுகள். அதே ஆண்டிலேயே மூன்றாவதாக, கோலில் தொங்கும் விடுதலைக் குல்லாயோடு கூடிய வடிவத்தை ஜோசப் ரைட் செய்தார். 1793-இல் அந்த வடிவத்தில் 11,056 காசுகளே அடிக்கப்பட்டன. அந்த ஆண்டு பிலடெல்பியாவைத் தாக்கிய மஞ்சள் காய்ச்சலில் ரைட் இறந்துபோனார்.

1796-இல் ராபர்ட் ஸ்காட்டின் ஆடை போர்த்திய மார்பளவு உருவமும், 1808-இல் ஜான் ரைக்கின் தலைப்பட்டை அணிந்த உருவமும் வந்தன. 1816 முதல் முடிசூடிய தலையும், 1839 முதல் கிறிஸ்டியன் கோப்ரெக்ட் செதுக்கிய பின்னல் கொண்டை உருவமும் புழங்கின. வகைக்கு ஒன்று சேர்ப்பவருக்கு இந்த ஏழு வடிவங்களும் போதும். ஆண்டுக்கு ஒன்று சேர்ப்பவருக்கு 1799, 1804 ஆகிய இரண்டும் பெரிய தடைகள். அச்சு வேறுபாடுகளைச் சேர்ப்பவருக்கோ தேடல் முடிவதே இல்லை.

கையால் செய்த அச்சுகள்

அச்சு என்பது எஃகு உருளையின் முனையில் தலைகீழாகச் செதுக்கிய உருவம். தொடக்க நாணயச்சாலையில் தலை உருவத்தை ஒரு முதன்மை முத்திரையால் எஃகில் அழுத்திப் பதித்தார்கள். அதன் பிறகு எழுத்துகள், எண்கள், இலைகள், பழங்கள் ஆகியவற்றைத் தனித்தனிச் சிறு எஃகு முத்திரைகளை வைத்துச் சுத்தியலால் ஒவ்வொன்றாக அடித்துச் சேர்த்தார்கள். கண்ணளவே அளவு. அதனால் ஓர் அச்சில் ஆண்டின் கடைசி எண் சற்றுக் கீழே இறங்கியிருக்கும். இன்னோர் அச்சில் மேலேறி மார்பைத் தொடும். ஒன்றில் ஓர் எழுத்து சாய்ந்திருக்கும். மற்றொன்றில் ஒரு காம்புக்கு இரண்டு பழங்கள் கூடுதலாக இருக்கும்.

கைத்தவறுகளும் அப்படியே உலோகத்தில் பதிந்தன. 1796-ஆம் ஆண்டு அச்சு ஒன்றில், விடுதலை என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் மூன்றாம் எழுத்து தவறாக விழுந்து, பிறகு திருத்தப்பட்ட தடம் தெரிகிறது. 1801-ஆம் ஆண்டுப் பின்பக்க அச்சு ஒன்றில் மூன்று பிழைகள் ஒன்றாக உள்ளன: நாட்டின் பெயரின் முதலெழுத்து இரண்டு கோடுகளாகத் தெரிகிறது, மாலையின் இடப்பக்கக் காம்பு இல்லை, நூறில் ஒன்று என்ற பின்னத்தின் கீழே 100-க்குப் பதில் 000 என்று இருக்கிறது. 1794-ஆம் ஆண்டு அச்சு ஒன்றின் பின்பக்க ஓரத்தைச் சுற்றியுள்ள பல் போன்ற மேடுகளுக்கு இடையே 94 சின்னஞ்சிறு ஐமுனை நட்சத்திரங்கள் உள்ளன. அவற்றை ஏன் பொறித்தார்கள் என்பதற்கு எந்தப் பதிவும் இல்லை.

அச்சுகளின் ஆயுளும் ஒரே சீராக இல்லை. செதுக்கிய எஃகைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் அமிழ்த்தி இறுக்குவார்கள். சூடு கூடினால் அச்சு நொறுங்கும்; குறைந்தால் அடி தாங்காமல் நடுப்பகுதி அமுங்கும். விரிசல் விட்ட அச்சையும் உடனே தூக்கி எறியாமல் இயன்றவரை ஓட்டினார்கள். அச்சிலுள்ள விரிசலுக்குள் செம்பு புகுவதால், காசில் அது மேடான மெல்லிய கோடாகத் தெரியும். அச்சின் ஓரம் பெயர்ந்து விழுந்தால் காசில் அந்த இடம் எழுத்தில்லாத திட்டாக எழும்பும். இடையில் வில்லை இல்லாமல் இரண்டு அச்சுகளும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டால், ஒன்றின் உருவம் மற்றொன்றில் நிழலாகப் படியும். அதன் பின் அடித்த காசுகளில் அது மங்கலாகத் தெரியும்.

இந்தச் சேதங்கள் கூடிக்கொண்டே போகுமே தவிரக் குறைவதில்லை. ஒரு முன்பக்க அச்சு இரண்டு பின்பக்க அச்சுகளோடு சேர்ந்து உழைத்திருந்தால், எந்த இணையில் விரிசல் சிறியதோ அந்த இணை காலத்தால் முந்தியது. நாணயச்சாலையின் குறிப்பேடு சொல்லாத உற்பத்தி வரிசையை ஆய்வாளர்கள் இப்படித்தான் மீட்டெடுத்தார்கள். பழைய ஆண்டு பொறித்த அச்சு நல்ல நிலையில் இருந்தால் அடுத்த ஆண்டிலும் அது பயன்பட்டது. ஆகவே அரசின் ஆண்டறிக்கையில் உள்ள உற்பத்தி எண்ணிக்கையை அந்த ஆண்டு பொறித்த காசுகளின் எண்ணிக்கை என்று அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. 1840 வாக்கில் நான்கு எண்களையும் ஒரே முத்திரையாக அடிக்கும் வழக்கம் வந்தது. அதற்கு முன்பே, 1836-இல், நீராவி அச்சியந்திரமும் ஓடத் தொடங்கியிருந்தது. அவை வந்தபின் அச்சுகளுக்கிடையிலான வேறுபாடுகள் பூதக்கண்ணாடிக்கு மட்டும் தெரிகிற அளவுக்குச் சுருங்கின.

எண்ணிட்டு வகைப்படுத்தல்

1857 பிப்ரவரியில் நிறைவேறிய சட்டம் பெரிய சென்ட்டையும் அரைச் சென்ட்டையும் நிறுத்தியது. செம்போடு 12 விழுக்காடு நிக்கல் கலந்த சிறிய சென்ட் அவற்றின் இடத்துக்கு வந்தது. சிறுவயது முதல் கையில் புழங்கிய காசு மறையப்போகிறது என்றதும் பலர் எடுத்து வைக்கத் தொடங்கினார்கள். அமெரிக்க நாணயவியல் சங்கம் 1858-இல் தோன்றியதும் இந்த ஆர்வத்தின் நடுவில்தான்.

நூலாக வந்த முதல் வகைப்பாடுகளில் ஒன்று 1869-இல் எட்வர்டு மாரிஸ் என்ற மருத்துவர் 1794-ஆம் ஆண்டுக் காசுகளுக்குச் செய்தது. அச்சுகளுக்கு அவர் எண் தந்ததோடு நிற்கவில்லை. இரட்டைத் தாடை, ஆப்பிள் கன்னம், இனிய முகம் என்று முகத்தைப் பார்த்துப் பெயரும் சூட்டினார். அந்தப் பெயர்களில் சில இன்றும் வழங்குகின்றன.

இன்றைய பொது முறையை வகுத்தவர் வில்லியம் ஷெல்டன். 1949-இல் வெளிவந்து 1958-இல் திருத்தம் பெற்ற அவருடைய நூல், 1793 முதல் 1814 வரையிலான முன்–பின் அச்சிணைகளுக்கு 1 முதல் 295 வரை எண் தருகிறது. முதல் சங்கிலிச் சென்ட்டின் பின்பக்கத்தில் நாட்டின் பெயர் முழுதாக இடம்பெறாமல் சுருக்கி எழுதப்பட்டிருக்கும். அது ஷெல்டன் 1. 1794-க்கு மட்டும் ஐம்பதுக்கும் மேற்பட்ட எண்கள் உண்டு. விரல்விட்டு எண்ணத்தக்க காசுகளே கிடைத்த இணைகளைச் 'சேகரிக்க இயலாதவை' என்று தனி வரிசையில் அவர் வைத்தார். 1816 முதலான காசுகளுக்கு ஹோவர்டு நியூகோம்ப் 1944-இல் தந்த எண்கள் பயன்படுகின்றன.

அருமையை அளக்கவும் ஓர் எட்டுப்படி அளவுகோல் உண்டு. உலகில் 1,250-க்கு மேல் இருப்பதாக மதிப்பிடப்படும் அச்சிணை முதற்படி. 76 முதல் 200 வரை இருப்பது நான்காம் படி. 13 முதல் 30 வரை ஆறாம் படி. மூன்றோ அதற்குக் குறைவோ இருந்தால் எட்டாம் படி. இந்தப் படி நிலையானதல்ல. கவனிக்கப்படாமல் கிடந்த காசுகளைச் சேகரிப்பாளர்கள் இனம்கண்டுகொள்ளும் போதெல்லாம் அருமை குறையும்.

புதையலாகக் கிடைத்தவையும் அருமையை மாற்றியிருக்கின்றன. அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பின் ஜார்ஜியா மாநிலத்தில் ரயில் நிலைய மேடைக்கு அடியில் ஒரு பீப்பாய் நிறையச் சென்ட்டுகள் கிடைத்ததாகச் சொல்லப்படுகிறது. அவை 1816 முதல் 1820 வரையிலானவை, புழக்கத்துக்கே வராதவை. அவை சந்தைக்கு வந்ததால் 1818, 1820 ஆகிய ஆண்டுகளின் புதுக்காசு இன்றும் எளிதாகக் கிடைக்கிறது. 1814-ஆம் ஆண்டுக்கு அப்படி ஒரு பீப்பாய் வாய்க்கவில்லை.

செம்பு நிறம் மாறும் விதம்

பொன் காற்றோடு வினைபுரிவதில்லை. செம்பு ஓயாமல் வினைபுரிகிறது. அச்சிலிருந்து விழும்போது காசு செவ்வாரஞ்சு நிறத்தில் இருக்கும். காற்றிலுள்ள ஆக்சிஜன் மேற்பரப்பில் செப்பு ஆக்சைடு படலத்தை உண்டாக்கும். படலம் தடிக்கத் தடிக்க நிறம் வெளிர்ப்பழுப்பு, பாக்கு நிறம், கரும்பழுப்பு என்று இருண்டுகொண்டே போகும். மெல்லியதாகவும் சீராகவும் படியும் இந்தப் பழுப்பு, அடியிலுள்ள உலோகத்துக்குக் காப்பாகவும் அமைகிறது. ஆகவே பழுப்பு நிறம் குறையல்ல. 200 ஆண்டுப் பழமையுள்ள காசுக்கு அதுவே இயல்பான தோல்.

கந்தகம் பட்டால் கருப்பு சல்பைடு உண்டாகும். ஈரத்தோடு கரியமில வாயு சேர்ந்தால் பச்சைக் களிம்பு பூக்கும். எல்லாவற்றிலும் கொடியது குளோரைடு. மண்ணிலுள்ள உப்பிலிருந்தோ கைவியர்வையிலிருந்தோ அது செம்புக்குள் இறங்கினால் செப்பு குளோரைடு உருவாகும். அது ஈரத்தோடும் ஆக்சிஜனோடும் சேர்ந்து வெளிர்பச்சைத் தூளாக மாறும்போது ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை வெளிவிடும். அந்த அமிலம் புதிய செம்பை அரித்து மறுபடியும் குளோரைடை உண்டாக்கும். இந்தச் சுழற்சி ஈரம் உள்ளவரை நிற்காது. மண்ணுக்குள் கிடந்த காசுகள் ஊசியால் குத்தியது போன்ற நுண்குழிகளோடு கிடைப்பதற்கு இத்தகைய அரிப்புகளே காரணம்.

வெள்ளிக்காசில் தேய்மானத்தைப் பார்த்தாலே நிலைமை பெரும்பாலும் புரிந்துவிடும். செம்பில் அப்படியில்லை. தலைமுடியின் ஒவ்வோர் இழையும் தெரிகிற காசு, நுண்குழிகள் நிறைந்து கருத்துப்போய் விலைபோகாமல் இருக்கலாம். முடி பாதி மழுங்கிய காசு, வழவழப்பான பரப்போடு அதைவிட உயர்வாக மதிக்கப்படலாம். தர நிர்ணயத்தில் எழும் வாதங்களில் பெரும்பகுதி இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

1 முதல் 70 வரை

ஷெல்டன் தொழிலால் உளவியலாளர். மனித உடல்களை மூன்று வகைக் கூறுகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஏழு வரை எண் கொடுத்த கோட்பாட்டால் அறியப்பட்டவர். எல்லாவற்றையும் எண்ணாக்கும் அந்தப் பழக்கம் காசுக்கும் வந்தது. 1794-ஆம் ஆண்டுச் சென்ட்டுகளின் விலைகளை அவர் ஒப்பிட்டார். இன்னதென்று அடையாளம் தெரிகிற அளவுக்கு மட்டும் எஞ்சிய காசு ஒரு டாலர் என்றால், குறையே இல்லாத காசு ஏறத்தாழ எழுபது டாலர். இடைப்பட்ட நிலைகளும் தத்தம் மடங்கில் அமைந்தன. எனவே அடிப்படை விலையைத் தர எண்ணால் பெருக்கினால் காசின் விலை கிடைத்துவிடும் என்பது அவர் கணக்கு.

சந்தை விலைகள் விரைவிலேயே அந்தக் கணக்கை மீறிப் போயின. உச்சநிலைக் காசுகளின் விலை எழுபது மடங்கோடு நிற்கவில்லை. ஆனால் எண்கள் மட்டும் தங்கிவிட்டன. 1970-களில் மற்ற அமெரிக்க நாணயங்களுக்கும் அதே அளவுகோல் பொதுவாயிற்று. விலைக்காகப் பிறந்த எண், நிலையைக் குறிக்கும் எண்ணாக மாறிய கதை இது. 4-க்கும் 8-க்கும் இடையில் உள்ள தூரமும் 60-க்கும் 64-க்கும் இடையில் உள்ள தூரமும் ஏன் ஒரே அளவாக இல்லை என்பதற்கும் இதுவே விடை.

எண்கள் குறிக்கும் நிலைகள் சுருக்கமாக இவை. 4-இல் ஆண்டும் எழுத்துகளும் படிக்கக்கூடும். தலை வெறும் புறவரிக் கோடாக நிற்கும். 8-இல் முடியின் சில இழைகள் தெரியும். 12-இல் ஏறக்குறைய பாதி இழைகளும், 20 முதல் 30 வரை சுமார் மூன்றில் இரண்டு பங்கும் தெரியும். 40-இல் எல்லா இழைகளும் உண்டு. மேடான இடங்கள் மட்டும் மழுங்கியிருக்கும். 50-இல் உச்சி மேடுகளில் லேசான உராய்வு தெரியும். 60-இலிருந்து தேய்மானம் கிடையாது. பரப்பின் அழகும் பளபளப்பும் மட்டுமே 60-ஐ 65-இலிருந்து பிரிக்கின்றன.

இங்கே ஒரு பொறி உண்டு. மேடான இடம் தெளிவில்லாமல் இருப்பதற்குத் தேய்மானம் மட்டும் காரணமாக வேண்டியதில்லை. அச்சு சரியாக அழுந்தாமலும் இருந்திருக்கலாம். காசைச் சாய்த்து, ஒரே விளக்கின் கீழ் மெல்லச் சுழற்றினால் வேறுபாடு புலப்படும். அடிக்கும்போது உலோகம் மையத்திலிருந்து வெளிநோக்கி ஓடியதன் நுண்கோடுகளே பளபளப்பைத் தருகின்றன. உராய்வு அந்தக் கோடுகளை அழித்து நிறத்தையும் மாற்றிவிடும். சரியாக அழுந்தாத இடத்தில் வெற்று வில்லையின் சொரசொரப்பு அப்படியே நிற்கும். அச்சு தேய்ந்ததால் வந்த மங்கலும் காசின் தேய்மானம் அல்ல. அதனால் அச்சிணையையும் அச்சின் நிலையையும் தெரிந்துகொள்ளாமல் தரம் சொல்வது பிழைக்கு இடம் தரும். அந்த இணையில் அந்த எழுத்து எப்போதுமே மங்கலாகத்தான் விழும் என்பது தெரிந்தவர் அதற்காகக் காசைக் குறைத்து மதிப்பிடமாட்டார்.

நிகரத் தரம்

தொடக்ககாலச் செப்புக்காசுகளுக்கென 1967-இல் அமைந்த அமெரிக்கச் சேகரிப்பாளர் சங்கம் இரண்டு கட்டமாகத் தரம் சொல்லும் வழக்கத்தை வளர்த்தது. முதலில் தேய்மானத்தை மட்டும் பார்த்து ஓர் எண். இது கூர்மைத் தரம். பிறகு அரிப்பு, கீறல், விளிம்பு நசுங்கல், சுத்தம் செய்த தடம் ஆகியவற்றுக்காகக் கழிவு. எஞ்சுவது நிகரத் தரம். முடி இழைகளைப் பார்த்தால் 25 பெறும் காசு, பரப்பெங்கும் நுண்குழிகள் இருந்தால் நிகரத் தரத்தில் 12-க்கு இறங்கலாம். விற்பவரும் வாங்குபவரும் இரண்டு எண்களையும் சொல்லிக்கொள்வார்கள். எதற்காகக் குறைந்தது என்பதும் அதில் தெரிந்துவிடும். அதோடு பரப்பைச் சிறப்பு, நடுத்தரம், மட்டம் என்று மூன்றாகவும் பிரிப்பார்கள்.

எல்லாக் குறைகளும் ஒரே அளவில் கழிக்கப்படுவதில்லை. வில்லையிலேயே இருந்த வெடிப்பு காசு பிறந்தபோதே வந்தது. அதற்குக் கழிவு குறைவு. பிற்காலத்தில் யாரோ பெயரெழுத்தைக் கீறியிருந்தால் கழிவு மிகும். முகத்தில் விழுந்த கீறல், ஓரத்தில் விழுந்த அதே நீளக் கீறலைவிடக் கூடுதலாகத் தாக்கும். குழிகளை மறைக்கப் பரப்பைச் சுரண்டி மழுப்பியிருந்தாலோ, அழிந்த முடி இழைகளை ஊசியால் மறுபடி செதுக்கியிருந்தாலோ கழிவு கடுமையாக இருக்கும்; அது பெரும்பாலும் ஏமாற்றும் நோக்கோடு செய்யப்படுவது.

1986 முதல் வணிகத் தரநிர்ணய நிறுவனங்கள் காசை ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் உறைக்குள் மூடி எண்ணிட்டுத் தரத் தொடங்கின. சேதமுள்ள காசுக்கு அவை நிகர எண் தருவதில்லை. கூர்மை நிலையைச் சொல்லி, அரித்தது அல்லது சுத்தம் செய்யப்பட்டது என்று குறிப்பு எழுதிவிடும். சேதமில்லாத காசிலும் அவற்றின் எண், செப்புக்காசுச் சங்கத்தார் தரும் எண்ணைவிடப் பெரும்பாலும் உயர்ந்தே இருக்கிறது. அந்நிறுவனங்கள் நிறத்தையும் குறிக்கின்றன. பிறப்பு நிறம் ஏறத்தாழ முழுதும் எஞ்சியிருந்தால் 'சிவப்பு', ஏறத்தாழ முழுதும் மறைந்திருந்தால் 'பழுப்பு', இடைப்பட்டது 'சிவப்புப்பழுப்பு'. 18-ஆம் நூற்றாண்டுச் சென்ட்டில் முழுச் சிவப்பு மிக மிக அரிது.

தரத்தில் ஒரு படி ஏறுவது விலையில் எத்தனை பெரிய மாற்றம் என்பதைச் சங்கிலிச் சென்ட் காட்டும். தேய்ந்து அரித்த ஒன்று சில ஆயிரம் டாலருக்குக் கிடைக்கும். புழங்காத நிலையில் 66 என்று எண்ணிடப்பட்ட ஒன்று 2015 ஜனவரியில் நடந்த ஏலத்தில் 23.5 லட்சம் டாலருக்குப் போயிற்று.

போலிகளும் சான்றுகளும்

1799, 1804 ஆகிய இரு ஆண்டுகளே போலி செய்பவர்களின் முதல் இலக்கு. 1798-இன் கடைசி எண்ணைச் சுரண்டி 9 ஆக்குவதும், வேறோர் ஆண்டின் இறுதி எண்ணை 4 ஆக்குவதும் பழைய வித்தை. அச்சிணை அறிவு இங்கே உடனே கைகொடுக்கும். 1804-ஆம் ஆண்டு உண்மையான சென்ட்டுகள் எல்லாம் ஒரே ஓர் அச்சிணையில் அடிக்கப்பட்டவை. அது ஷெல்டன் 266. அதில் முன்பக்க ஆண்டின் பூஜ்யம், பின்பக்கத்தில் நாட்டின் பெயருக்கு நடுவே வரும் இணைப்புச் சொல்லின் வட்ட எழுத்துக்கு நேர் எதிரே நிற்கும். அந்தப் பொருத்தம் இல்லாத காசு திருத்தப்பட்டது. நாணயச்சாலை கழித்துவிட்ட பழைய அச்சுகளைக் கொண்டு 1860 வாக்கில் தனியார் அடித்த 1804 சென்ட்டும் உண்டு. திருத்திய 1803 முன்பக்க அச்சையும் 1820-ஆம் ஆண்டுப் பின்பக்க அச்சையும் சேர்த்து அதை உருவாக்கினார்கள். பின்பக்கத்தின் வடிவமே அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

மின்முலாம் முறையில் 19-ஆம் நூற்றாண்டில் செய்த பிரதிகள் வேறு வகை. இரண்டு மெல்லிய செப்பு ஓடுகளை ஒட்டி உள்ளே வேறு உலோகம் நிரப்பியிருப்பார்கள். பக்கவிளிம்பில் ஒட்டுக்கோடு தெரியும், எடையும் ஒத்துவராது. இக்காலப் போலிகள் இவற்றைவிட நுட்பமானவை. உண்மைக் காசு ஒன்றைப் படியெடுத்து அச்சு செய்வதால், மூலக்காசில் இருந்த கீறலும் நசுங்கலும் அந்த அச்சில் அடித்த எல்லாப் போலிகளிலும் அதே இடத்தில் வரும். இரண்டு காசுகளில் ஒரே கீறல் ஒரே இடத்தில் இருந்தால் குறைந்தது ஒன்று போலி.

தற்செயல் கீறல்கள் ஒவ்வொரு காசுக்கும் கைரேகை போன்றவை என்பதால் அவை வரலாற்றுச் சான்றாகவும் பயன்படுகின்றன. ஒவ்வோர் அச்சிணைக்கும் உலகில் அறியப்பட்ட மிகச்சிறந்த ஆறு காசுகளைப் பட்டியலிடும் வழக்கம் ஷெல்டனோடு வந்தது. பழைய ஏலப்பட்டியல்களின் படங்களோடு ஒப்பிட்டு, அந்தக் காசுகள் கைமாறிய வரலாறும் தொகுக்கப்பட்டது. அந்த ஒப்பீடுதான் ஷெல்டனின் பெயருக்குக் களங்கத்தையும் கொண்டுவந்தது. அமெரிக்க நாணயவியல் சங்கத்துக்கு ஜார்ஜ் கிளாப் கொடையளித்த தொகுப்பிலிருந்து நல்ல காசுகளை எடுத்துக்கொண்டு, அதே அச்சிணையின் மட்டமான காசுகளை ஷெல்டன் வைத்துவிட்டார் என்பது அவர் மறைந்த பின் வெளிவந்தது. அவற்றில் பலவற்றைச் சங்கம் மீட்டது.

பேணுதல்

செப்புக்காசைச் சுத்தம் செய்வதில் முதல் விதி, உலோகத்தோடு வினைபுரியும் எதையும் தொடவிடக்கூடாது என்பது. அமிலமும் பாத்திரம் துலக்கும் பொடியும் பழுப்புப் படலத்தைக் கரைத்துவிடும். அந்தப் படலம் காசின் சொந்த உலோகத்தால் ஆனது. அது போனால் எழுத்தின் விளிம்பும் கொஞ்சம் போகும். எஞ்சுவது இயற்கைக்கு ஒவ்வாத வெளிறிய செந்நிறம். அதை மறைக்கக் கந்தகம் சேர்த்துச் செயற்கையாகப் பழுப்பேற்றுவார்கள்; பழகிய கண்ணுக்கு அந்தச் சீரற்ற நிறம் தப்பாது.

எண்ணெய்ப் பிசுக்கையும் பிளாஸ்டிக் உறைகளின் படிவையும் நீக்க அசிட்டோனோ சைலீனோ போதும். அவை பிசுக்கைக் கரைக்குமே தவிரச் செம்பை அரிக்காது. அவை எளிதில் தீப்பற்றும். ஆவியும் நச்சுத்தன்மை உள்ளது. காற்றோட்டமான இடமும் கையுறையும் தேவை. பச்சைக் களிம்பை மரக்குச்சியின் கூரிய முனையாலோ ரோஜா முள்ளாலோ பூதக்கண்ணாடி வைத்து மெல்லப் பெயர்ப்பார்கள். இரண்டும் செம்பைவிட மென்மையானவை. பின்னர் மென்மயிர்த் தூரிகையால் துடைப்பது சேகரிப்பாளர்களின் பழைய வழக்கம். தூரிகையில் மணல்துகள் ஒன்று இருந்தாலும் கீறல் விழும்.

காசை எப்போதும் பக்கவிளிம்பில் பிடிக்க வேண்டும். விரல்ரேகையிலுள்ள உப்பும் அமிலமும் சில மாதங்களில் கறையாகிவிடும். பிவிசி கலந்த மென்பிளாஸ்டிக் உறைகள் காலப்போக்கில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை வெளிவிடுவதால் செம்புக்குப் பகை. பருத்தி உள்ளுறையும் கந்தகமற்ற காகித உறையும் ஏற்றவை. ஈரத்தைக் குறைக்கச் சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்து, அது ஈரம் குடித்து நிறைந்ததும் மாற்ற வேண்டும். குளோரைடு பிடித்த காசை மற்றவற்றோடு வைக்காமல் தனியே உலர்வாக வைப்பதுதான் பாதுகாப்பு.

இத்தனைக்கும் பிறகு ஒரு காசின் விவரம் ஒற்றை வரியில் அடங்கும்: ஆண்டு, ஷெல்டன் எண், அச்சின் நிலை, கூர்மைத் தரம், நிகரத் தரம், நிறம், முன்பு யார் யாரிடம் இருந்தது. இவற்றில் முதல் மூன்றையும் பூதக்கண்ணாடியும் நூலும் உறுதிசெய்யும். நடுவிலுள்ள தர எண்கள் பல காசுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பழகிய கண் தருபவை. அதனால்தான் செப்புச் சென்ட் வாங்குபவர்கள் உறையில் எழுதிய எண்ணோடு நிறுத்திக்கொள்ளாமல், காசையும் தாங்களே பார்த்துத் தீர்மானிக்கிறார்கள்.